மூன்று நாள் மெஷின் முதலாளி

இந்த முறை தங்கம்மாவைக் கேட்காமல் நானே முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானித்த சூட்டோடு அதை அவளிடமே போய்ச் சொன்னேன். அங்கேதான் முதல் பிழை.

புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் முப்பத்தொரு வருடம் உருளை மெஷின் ஓட்டியவன் நான். 2004 தை மாதத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஈ.பி.எஃப். என்கிற சேமலாபக் காசு கைக்கு வந்தது. கைக்கு என்றால் பேங்குக்கு. என் பேரிலும் தங்கம்மா பேரிலும் சேர்த்துப் போட்ட புத்தகம். யார் கையெழுத்து வைத்தாலும் எடுக்கலாம். அது அவள் யோசனை. எனக்கு ஏதும் ஒன்றென்றால் அவள் பேங்குக்கு அலையக்கூடாதாம். நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து வரக்காப்பொலயில் இருந்து புவாட் என்று ஒருவர் வந்தார். கொங்கிரீட் மிக்சர், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டர் எல்லாம் நாள் வாடகைக்கு விடும் ஒரு கொழும்புக் கம்பெனியின் ஆள். ஊருக்கு ஊர் கிளை திறக்கிறார்கள். முன்பணம் நம்முடையது, மெஷினும் பேர்ப்பலகையும் அவர்களுடையது, வருகிற வாடகையில் நமக்குப் பங்கு. யுத்தம் ஓய்ந்து ஊரெல்லாம் வீடு கட்டுகிற காலம், இப்போது விட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்றார். பேச ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் என்னை நான்கு தடவை ‘முதலாளி’ என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஐந்தாவது தடவைக்காக அவரை இன்னொரு பிளேன்டீ குடிக்க வைத்தேன்.

அவர் போனதும் குசினிக்குப் போனேன். தங்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“மிக்சர் கடையா?” என்றாள்.

“திங்கிற மிக்சர் இல்ல. சீமெந்து கலக்குற மெஷின்.”

“நீங்க இதுவரைக்கும் கலக்குனது பத்தாதா?”

காளானையும் ஐஸ் பழ மெஷினையும் சொல்கிறாள். காளான் முளைக்கவே இல்லை. ஐஸ் பழ மெஷின் வாங்கிய வாரம் பிடித்த மழை இரண்டு மாதம் விடவில்லை.

“இது அப்படியில்ல தங்கம்மா. பெரிய கம்பெனியோட கிளை.”

“மரம் கொழும்புல. கிளை மட்டும் நம்ம வீட்டுலயா?”

அன்றைக்கு அதோடு விட்டாள். மறுநாள் காலையில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படி வந்து உட்கார்ந்தால் நான் பயப்படுவதுதான் வழக்கம். சந்தோஷத்தில் அன்றைக்கு மறந்துவிட்டேன்.

“பாக்காம எப்படி வாங்குறது? மூணு நாளைக்கு மெஷின இங்க விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. ஓடுறதப் பாத்துட்டு முடிவெடுப்போம்.”

முடிவெடுப்போம் என்றாள். அந்த ‘போம்’ என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பஜாருக்கு ஓடி புவாட்டுக்குப் போன் பண்ணினேன். அந்த மூன்று நாளில் வெளியாருக்கு வாடகைக்கு மட்டும் விடக்கூடாது என்று சொல்லி, மிக்சரையும் தண்ணீர் மோட்டரையும் அடுத்த திங்கட்கிழமையே லொறியில் ஏற்றி அனுப்பினார்.

எங்கள் வீடு தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் கட்டியது. குடிவந்து மூன்று வருடம். தரை இன்னும் மண் தரைதான். மழைக்காலத்தில் குசினிக்குள் தண்ணீர் ஊறும். தங்கம்மா சாக்கை விரித்து அதன்மேல் நின்று சமைப்பாள். தரை போடுகிறேன் என்று நான் மூன்று தீபாவளிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மெஷினை இறக்கியதும் ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெக்டரியை விட்டு வந்த பிறகு வீட்டில் என் பேச்சுக்கு மேலே கேட்ட ஒரே சத்தம் தங்கம்மாவுடையதுதான். சும்மா சுற்றவிட்டால் மெஷினின் குணம் எப்படித் தெரியும், எதையாவது போட்டல்லவா பார்க்க வேண்டும் என்றாள் அவள். அதுவும் நியாயம்தான்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலாம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை லொறி வந்து நின்றது. சீமெந்து, மணல், கருங்கல் சல்லி. பின்னாலேயே கொத்து வேலை பார்க்கும் மேசன் பாஸ் ஒருவரும் இறங்கினார். நாளைக்குக் கிளை திறக்கப்போகிற ஆளிடம் நிலாம் முதலாளி இப்போதே நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லொறிக்காரரிடம் சலாம் சொல்லி அனுப்பினேன்.

முதல் நாள் குசினிக்கும் உள்ளறைக்கும் கொங்கிரீட் தரை போட்டோம். இரண்டாம் நாள் முன்னறையும் முற்றமும். மூன்றாம் நாள் றோட்டில் இருந்து மேலே எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் போகிற பாதை. தங்கம்மா சொல்லிவிட, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தார்கள். ஓடையில் இருந்து மோட்டர் தண்ணீரை இறைத்தது. நான் மெஷினோடு நின்றேன். இவ்வளவு மணல், இவ்வளவு சல்லி, இப்போது கொட்டு, இப்போது நிறுத்து. எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். புவாட் இல்லாமலே இரண்டு பேர் என்னை முதலாளி என்றார்கள். இடுப்பு முறிந்தது, ஆனாலும் அந்த மூன்று நாளும் எனக்கு வயது முப்பதுதான்.

நான்காம் நாள் புவாட் ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்தார். புதுப் பாதையில் ஏறி வந்து, முற்றத்தைப் பார்த்து, வேலை படு சுத்தம் என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது. தங்கம்மாவைக் கூப்பிட்டு பேங்க் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பணத்தை இன்றைக்கே எடுத்துக் கட்டிவிடலாம் என்று புவாட்டிடமும் சொன்னேன். கொண்டுவந்தாள். திறந்து பார்த்தேன். கடைசி வரியில் எழுநூற்றுச் சொச்சம் ரூபா இருந்தது. அதற்கு மேல் வரியில், மெஷின் வருவதற்கு மூன்று நாள் முந்திய தேதியில், அவள் கையெழுத்தில் எடுத்த காசு.

“தங்கம்மா, காசு எங்க?”

“நிலாம் முதலாளிக்கும் பாஸுக்கும் குடுத்தேன். சீமெந்து சும்மாவா வரும்?”

“அப்ப என் கிளை?”

புவாட் ஒப்பந்தப் பத்திரத்தை மெதுவாகப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். இந்த முறை முதலாளி என்று சொல்லவில்லை. மெஷினை ஏற்ற ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

தங்கம்மா என் காலைப் பார்த்தாள்.

“அதும் மேலதான நிக்கிறீங்க. இன்னும் சரியா காயல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன்.