கடுகுத் தலையணையும் இரண்டு குழல்களும்

அந்த இரண்டாவது குழல் இதைவிட நன்றாகச் சுட்டிருக்குமோ?

இந்தக் கேள்வியோடுதான் நான் இப்போதெல்லாம் சாம்பார் வைக்கிறேன், துணி மடிக்கிறேன், மகளுக்குத் தலை பின்னுகிறேன். பதில் கிடைத்தபாடில்லை. கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஒரு கடுகுத் தலையணை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள். நான் துப்பாக்கி சுடுகிறவள். மெல்போர்னில் பாயிண்ட் குக் பகுதியில், கணவர், இரண்டு குழந்தைகள், ஒரு வீட்டுக்கடன் என்று ஒழுங்காக வாழ்கிறவள். கழுவிய பால் பாட்டிலை மறுபடியும் கழுவுகிறவள். காரைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள். அதே நான்தான் வாரத்தில் ஒருநாள் போட்டித் துப்பாக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு காகித இலக்கைச் சுடுகிறேன். (எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை.)

இரண்டாவது குழந்தை கவின் பிறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை மூச்சு விடுகிறானா என்று பார்ப்பேன். விட்டால், ஏன் இவ்வளவு வேகமாக விடுகிறான் என்று பார்ப்பேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு எதையுமே நினைக்க முடியாத ஒரு வேலையை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வெளியே போய்ச் செய்யச் சொன்னார். அலுவலகத்தில் என் பக்கத்து மேசை லின், அறுபதைத் தாண்டியவர், மதிய இடைவேளையில் ஸ்வெட்டர் பின்னுகிறவர், "எங்க கிளப்புக்கு வாயேன்" என்றார். பின்னல் கிளப் என்று நம்பி ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு போனேன். போய் இறங்கினால் சுடுதளம். லின் அந்த கிளப்பின் பெண்கள் அணித் தலைவி.

ஆனால் முதல் நாளே ஓர் அதிசயம் நடந்தது. துப்பாக்கியின் முனையில் உள்ள சின்னக் குறிமேட்டை இலக்கோடு சேர்த்துப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் குரல் நின்றது. அடுப்பை அணைத்தேனா, தடுப்பூசித் தேதி எப்போது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதிக்காகவே உரிமம், பாதுகாப்புப் பெட்டி, பயிற்சி எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். கணவர் சரவணனுக்கு மகிழ்ச்சி. அவருடைய அம்மாவுக்கு, அதாவது பேரனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த என் அத்தைக்குத்தான் புரியவில்லை.

"எதைம்மா சுடுவ?"

"காகிதத்தை அத்தை."

"காகிதம் உன்னை என்ன பண்ணுச்சு?"

சற்று யோசித்துவிட்டு அவரே முடிவும் சொன்னார். "சரி. ஊர்ல யாராச்சும் கேட்டா யோகா கிளாஸ்னு சொல்லிடுவோம்."

அப்படி என் யோகா நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிளப்புகளுக்கு இடையிலான போட்டியில் மூவர் அணியில் எனக்கு ஓர் இடமும் கிடைக்கும் போலிருந்தது. திடீரென்று என் தோட்டாக்கள் சிதற ஆரம்பித்தன. நடுவில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று, மூன்றாவது எங்கே போனது என்று அடுத்த இலக்குக்காரரைக் கேட்க வேண்டிய நிலை. லின் சுற்றி வளைக்காமல் சொன்னார். "அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அணித் தேர்வு. பழையபடி சுட்டா நீ உள்ளே. இல்லேன்னா நான் வேற ஆளைப் போட்டாகணும், செல்லம்."

எனக்கு என்னைத் தெரியும். அணியில் இடம் போனால், 'குழந்தைகளோடு இருப்பதுதான் சரி' என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு நடத்தி கிளப்புக்கே போகமாட்டேன். அந்த அமைதி அத்தோடு முடிந்தது. அதுதான் என் பயம்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ட்ரெவரிடம் ஓடினேன். ட்ரெவர் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர், எங்கள் கிளப் உறுப்பினர். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இதை எப்பெப்போ சுத்தம் பண்றே?"

"ஒவ்வொரு தடவை சுட்டதும்."

"ம்."

"அப்புறம் நடுவுல ஒரு தடவை. எதுக்கும் இருக்கட்டும்னு."

"சுடாமலேயா?"

"தூசி போயிருக்குமே!"

ட்ரெவர் குழலை மெதுவாகக் கீழே வைத்தார். இந்தச் சின்னத் தோட்டாவைச் சுட்டுச் சுட்டு யாரும் குழலைத் தேய்த்துவிட முடியாதாம். வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்து, தோட்டா வெளியேறும் விளிம்பை நான் ஒருபக்கமாகத் தேய்த்துவிட்டிருந்தேன். விளிம்பு கோணினால் தோட்டாவும் கோணும். அதாவது பால் பாட்டிலுக்குச் செய்த சேவையைத் துப்பாக்கிக்கும் செய்திருக்கிறேன். "இது குழந்தை இல்லை ரம்யா. அழுக்கு கொஞ்சம் இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். (குழந்தை விஷயத்திலும் சுகாதார நர்ஸ் இதையேதான் சொல்லியிருந்தார்.)

ஆக, குழல் மாற்ற வேண்டும். எதை வாங்குவது?

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. ஒன்று, துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தின் சாதாரண மாற்றுக் குழல். மற்றொன்று, ஒரு சின்னப் பட்டறையில் கையால் மெருகேற்றிய, கனமான, போட்டிக்கென்றே செய்த குழல். கனமான குழல் கையில் ஆடாது என்றார்கள் சிலர். கனமானால் கை சீக்கிரம் தளரும் என்றார்கள் வேறு சிலர். தோட்டாவைச் சுழல வைக்கும் உட்புறத் திருகுவரிகளைப் பற்றி இணையத்தில் இரண்டு பேர் போட்ட சண்டையை முழுவதும் படித்தேன். காலையில் சாதாரணக் குழல் என்று முடிவெடுப்பேன். இட்லி வேகும் முன் கனமான குழலுக்குத் தாவிவிடுவேன். தூக்கத்தில்கூட 'விளிம்பு, விளிம்பு' என்று சொன்னதாக சரவணன் சாட்சி சொல்கிறார்.

கடைசியில் ட்ரெவரே இரங்கினார். "அனுமதி வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன். ரெண்டையும் ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன். தேர்வுக்கு முன்னாடி மாட்டிச் சுட்டுப் பாரு. ஆனா கையில பிடிச்சுச் சுட்டா உன் படபடப்பைத்தான் சோதிக்க முடியும், குழலை இல்லை. மூட்டை மேல வச்சுச் சுடணும். கிளப் மணல் மூட்டையெல்லாம் மழையில ஊறிக் கிடக்கு. சின்னதா ஒண்ணு கொண்டுவந்துடு."

மணலுக்கு எங்கே போவேன்? மகள் நிலாவின் விளையாட்டுத் தொட்டியில் இருந்த மணலும் ஈரம். அப்போதுதான் அலமாரியில் ஒளித்து வைத்திருந்த கடுகுத் தலையணை நினைவுக்கு வந்தது.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. குழந்தையின் தலை உருண்டையாக வர வேண்டுமென்று அத்தை ஊரில் கடுகுத் தலையணை தைத்து எடுத்து வந்தார். மெல்போர்ன் விமான நிலையத்தில், விதை நாட்டுக்குள் வரக்கூடாது என்று அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தை அசரவில்லை. இங்கே இந்தியக் கடையில் கடுகு வாங்கி, தன்னுடைய பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துப் புதிதாகத் தைத்துவிட்டார். நர்ஸோ, கைக்குழந்தைக்குத் தலையணையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடுவில் மாட்டியவள் நான். அத்தை பார்க்கும்போது தலையணை என் மடியில் இருக்கும், குழந்தை தூங்கும்போது அலமாரிக்குள் போய்விடும். ஒரு தலையணையை வைத்து இரட்டை வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தேன்.

கனம், உலர்ந்தது, அமுக்கினால் அமுங்கும், வைத்த வடிவில் நிற்கும். மணலுக்கு இதைவிட நல்ல மாற்று உண்டா? என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் அதைப் பையில் வைத்தேன்.

ஞாயிறு காலை. முதலில் சாதாரணக் குழல். தலையணை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு, ஐந்து முறை சுட்டேன். லின் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கத்தினார். "அஞ்சும் ஒரு பத்து சென்ட் காசு அளவுக்குள்ள! வாங்கிடு! முடிஞ்சுது!"

அங்கேயே முடிந்திருக்கலாம். நான் நானாக இல்லாமலிருந்திருந்தால் முடிந்திருக்கும்.

"இன்னொண்ணையும் பார்த்துடலாமே?" என்றேன்.

ட்ரெவர் பெருமூச்சு விட்டபடி கனமான குழலை மாட்டினார். முதல் தோட்டா நடுவில். இரண்டாவது தோட்டா அதே ஓட்டையில். லின் மறுபடி பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, தலையணையைச் சற்று உயர்த்தலாமென்று இழுத்தேன். குழலின் முனையில் இருந்த குறிமேடு சுங்குடியில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

எத்தனையோ முறை துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன புடவை. ஒரே கிழி.

எண்ணெயில் வெடிக்கும் கடுகைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். இது அருவி. மேசையில் கொட்டி, சிமென்ட் தரையில் துள்ளி, அக்கம்பக்கத்து மேசைகளுக்கடியில் உருண்டு ஓடியது. நல்லவேளை, எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பையோடு வந்தார் கிளப் தலைவர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கால் வழுக்கிச் சற்று தூரம் கம்பீரமாகச் சறுக்கிப் போய், அப்படியே உட்கார்ந்தார். கோப்பை சாயவில்லை.

"இது என்ன?" என்றார் தரையிலிருந்து.

"கடுகு" என்றேன்.

"ஏன்?" என்றார்.



பதறிப்போய் விளக்குமாற்றை எடுத்தேன். யாரும் சொல்வதற்கு முன்பே, நல்ல பிள்ளையாக, அத்தனை கடுகையும் தரையிலிருந்து முன்னால் இருந்த புல்வெளியில் தள்ளிவிட்டேன். புல்லில் கிடந்தால் யாரும் வழுக்கி விழமாட்டார்கள் அல்லவா? 'எவ்வளவு பொறுப்பானவள்' என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி.

ஒரு கொரெல்லா வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியும் வெள்ளைக் கிளி. தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒன்றைக் கொறித்தது, கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், மேற்கு மெல்போர்னின் உறவுக்கூட்டம் மொத்தமும் விருந்துக்கு வந்துவிட்டது. புல் தெரியவில்லை. சுடும் பாதையில் உயிர் ஏதாவது இருந்தால் சுடக்கூடாது என்பது விதி. அணித் தேர்வு நின்றது. கைதட்டினார்கள், கார் ஹாரன் அடித்தார்கள், தலைவர் தொப்பியை வீசினார். பறவைகள் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தன.

அப்போது சரவணன் போன் செய்தார். "அம்மா கேக்கறாங்க. குட்டியோட தலையணை எங்க?"

"அது... அலமாரில..."

"இல்லையே. அங்க என்ன இவ்ளோ கிளிச் சத்தம்?"

"யோகா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "என் சுங்குடியை எடுத்துட்டா யோகாவுக்குப் போயிருக்கா?"

பறவைகள் கிளம்பியபோது மதியம் தாண்டிவிட்டது. கனமான குழலை மறுபடி சோதிக்க நேரமில்லை. ட்ரெவர் துப்பாக்கியை உதறினார், உள்ளேயிருந்து இரண்டு கடுகு விழுந்தது. முன்பு சுட்ட சாதாரணக் குழலையே மாட்டிக் கையில் கொடுத்தார். "இதுலயே சுடு. யோசிக்காதே."

யோசிக்க என்ன மிச்சம் இருந்தது? அதற்குமேல் மானம் போக வழியில்லை என்ற நிலைக்கு வந்த பிறகு மனம் எவ்வளவு லேசாகிறது தெரியுமா! காலடியில் மிச்சக் கடுகு நொறுங்க நின்றேன். குரல் நின்றது. சுட்டேன். அணியில் மூன்றாவது ஆளாக எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் குழலையே வாங்கிவிட்டேன். (வாரா வாரம் துடைப்பதில்லை. கை துறுதுறுத்தால் அடுப்பைத் துடைக்கிறேன்.)

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன், நர்ஸ் விஷயம் உட்பட. அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், தலைவர் சறுக்கிய இடம் வந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "குட்டி தலை இப்பவே உருண்டையாத்தான் இருக்கு, விடு" என்று தலையணைப் பிரச்சினையையும் அவரே முடித்து வைத்தார்.

மழைக்குப் பிறகு லின் ஒரு படம் அனுப்பினார். கிளிகள் விட்டுவைத்த விதைகள் முளைத்து, சுடுதளத்தின் முன்னால் ஒரு வரிசை மஞ்சள் பூ. புல் வெட்டும்போது அதை மட்டும் தொடக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டாராம். அத்தை அந்தப் படத்தைத் திருச்சி முழுவதற்கும் அனுப்பி, "என் மருமக யோகா கிளாஸ்ல கடுகு போட்டிருக்கா" என்று பெருமையாகச் சொல்லி வருகிறார். வீட்டிலோ, நான் திரைச்சீலை வாங்கப் போனாலும் பற்பசை வாங்கப் போனாலும், "இன்னொண்ணையும் பார்த்துடலாமே?" என்று சரவணன் ஆரம்பிப்பார். ஐந்து வயது நிலா உடனே கையைச் சிறகாக்கிக்கொண்டு, "நோ மம்மி, பேர்ட்ஸ் வரும்!" என்று கத்துவாள்.

எல்லாம் சுபம்தான். ஆனால் அந்த இரண்டு தோட்டாக்களும் ஒரே ஓட்டையில் போனதே?

கனமான குழல் இன்னும் தன் கடையில்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார் என்கிறார் ட்ரெவர். அது நன்றாகச் சுட்டால், தவறானதை வாங்கிவிட்டோமே என்று வருந்துவேன். மோசமாகச் சுட்டால், சோதனையைச் சரியாகச் செய்தோமா என்று சந்தேகப்படுவேன். இரண்டும் ஒன்றுபோலச் சுட்டால் மூன்றாவதைத் தேட ஆரம்பித்துவிடுவேன். போகட்டுமா, வேண்டாமா? உங்களில் விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லுங்கள். இந்த முறை துப்பாக்கிக்கென்றே ஒரு தலையணை தைக்க அத்தை இன்னொரு புடவையைக் கிழித்துவிட்டார். உள்ளே கொள்ளு போடலாமா, உளுந்து போடலாமா என்று காலையிலிருந்து என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.