கில்டாரா மாடு காணாமல் போகவில்லை

மாவட்ட வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, கில்டாரா கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனும் பள்ளி நிதிக்குழுவின் தலைவனுமாகிய பார்ட்லி நூன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி நூலாவும் கடைச் சரக்கும் சுகம். மழை வழக்கம்போல. அவ்விடம் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. சென்ற வார இதழின் ஊர்ச் செய்திப் பக்கத்தில், டிராக்டர் ஊர்வலப் படத்துக்கும் இறைச்சிக் கடையின் ஈஸ்டர் ஆட்டுக்கறி விளம்பரத்துக்கும் நடுவே, எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி அச்சாகியிருந்தது. "கில்டாரா பள்ளியின் நிதி திரட்டும் விழா குழப்பத்தில் முடிந்தது. மாடு தேடப்பட்டு வருகிறது." ஆசிரியர் அவர்களே, குழப்பம் எதுவும் நடக்கவில்லை. நான் அங்கே இருந்தேன், நடத்தியவனே நான்தான். மாட்டை யாரும் தேடவும் இல்லை. மாடு எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியும். வெளியே கொண்டுவரத்தான் முடியவில்லை. தங்கள் நிருபர் தேநீர் ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டு பாதியிலேயே கிளம்பிப் போனவர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பாய்லர் கிறிஸ்துமஸ் லீவு முடிந்த கையோடு உயிரை விட்டது. பிள்ளைகள் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். கையுறை போட்ட கையால் ஏழு எழுதினால் அது ஒன்று மாதிரி இருக்கிறது, ஒன்று எழுதினால் எதுவும் மாதிரி இல்லை என்று தலைமையாசிரியை திரேசா கில்லீன் சொன்னார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில், கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பரிசீலனையில் குளிர் காய முடியுமா. ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டோம். கேக் விற்கலாம் என்றார்கள். கேக் விற்று விற்று, ஒருத்தர் சுட்டதை இன்னொருத்தர் வாங்கித் தின்று, ஊரே பெருத்ததுதான் மிச்சம். நடைப் பயணம் போகலாம் என்றார்கள். பிப்ரவரி மாதத்தில் இந்த மாவட்டத்தில் நடப்பதற்குப் பெயர் நடை இல்லை, நீச்சல். அப்போதுதான் நான் எழுந்து சாணிப் போட்டியைச் சொன்னேன். மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கோடு போடுவது, ஆளுக்கொரு கட்டம் விற்பது, மாட்டை உள்ளே விடுவது, மாடு எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்குக் கடலோர ஓட்டலில் இரண்டு பேர் தங்கப் பரிசு. ஓட்டல்காரர் என் மனைவிக்குச் சொந்தம். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"மிஸ்டர் நூன், பிள்ளைங்க படிக்கிற இடத்துக்குச் சாணியிலயா காசு சேர்க்கறது?"

"டீச்சர், உங்க வீட்டு ரோஜா எதுல வளருதுன்னு நெனச்சீங்க?" என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

மாடு டீலியா மானியன் அம்மாளுடையது. எண்பதைத் தாண்டியும் தனியாக ஒரு மாட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். அந்த மாட்டின் பெயர் நோரீன். இது இங்கே ஒரு சங்கதி. டீலியாவின் நாத்தனார் பெயரும் நோரீன். டீலியாவின் கணவரை அடக்கம் செய்த அன்று, கல்லறையிலிருந்து திரும்பி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "சாண்ட்விச் காஞ்சு போயிருக்கு" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். அண்ணன் போன துக்கத்தில் வாய் தவறி வந்ததோ என்னவோ. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த மாசம் பிறந்த கன்றுக்குட்டிக்கு டீலியா இந்தப் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் வேலியோரம் நின்று, "ஏ நோரீன், எருமை, திங்கறதத் தவிர உனக்கு என்னடி தெரியும்" என்று கத்துவது பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வீடுவரைக்கும் கேட்கும். நாத்தனார் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. இவருக்கு அந்த மாடு, அவருக்கு ஒரு ரேடியோ.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போட்டி. மைதானத்தில் கோடு போட்டவன் நான். ஒரு கோடு கோணல் இருந்தால் காட்டுங்கள். எந்தக் கட்டம் யாருக்கு என்று பெரிய படம் வரைந்து ஒரு வாரமாக என் கடை ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன், ஒளிவு மறைவே கிடையாது. நாத்தனார் நோரீன்கூட ஒரு கட்டம் வாங்கியிருந்தார், கேட் பக்கம் ஓரக் கட்டம். பிள்ளைகளுக்காக வாங்கினேனே தவிர அந்த மாட்டுக்காக இல்லை என்று சொல்லித்தான் வாங்கினார். பக்கத்து ஊர் க்ளூன்பெக்கிலிருந்துகூட ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் எதற்கு வருவார்கள் என்று தெரியும், நாம் தோற்பதைப் பார்க்க. ஃபாதர் லீவி மாட்டுக்குத் தீர்த்தம் தெளித்தார். டீலியா அதை டிரெய்லரிலிருந்து இறக்கி உள்ளே விட்டார். மாடு நடு மைதானத்துக்குப் போய் நின்றது.

நின்றதுதான். ஆசிரியர் அவர்களே, நானும் எத்தனையோ மாடு பார்த்திருக்கிறேன், வழிநெடுகப் போட்டுக்கொண்டே போகிற ஜாதி அது. இந்த மாடு மட்டும் திருப்பலிக்கு வந்த மாதிரி நிற்கிறது. மழை வலுத்தது. தேநீர்க் கூடாரத்தில் நூலா போட்ட தேநீரெல்லாம் தீர்ந்தது. க்ளூன்பெக்காரர்கள் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். நான் டீலியாவிடம் போய், "என்னம்மா இது, ஒண்ணுமே நடக்கலையே" என்றேன்.

"ஏம்ப்பா பார்ட்லி, அது பொம்பளப் பிள்ளை. ஊரே சுத்தி நின்னு பின்னாலயே மொறச்சுப் பாத்தா உனக்கு வருமா?"

நியாயமாகப் பட்டது. நான் மைக்கை எடுத்து, எல்லாரும் திரும்பி நின்று மாட்டுக்கு முதுகைக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். என் சொல்லுக்கு இந்த ஊரில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். ஃபாதர் லீவி, தலைமையாசிரியை, பிள்ளைகள், க்ளூன்பெக்காரர்கள் உட்பட ஒரு ஊரே மழையில் வேலியைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றது. நானும் நின்றேன். தலைவன் முன்மாதிரியாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று எனக்குத் தோன்றியதும், "இப்ப திரும்புங்க" என்றேன்.

திரும்பினோம். மாடு இல்லை. கேட் திறந்து கிடந்தது. ஆனால் கேட் பக்கத்து ஓரக் கட்டத்தில், கோட்டைத் தொடாமல், வட்டமாக, அழகாக, ஆவிகூட இல்லாமல் சாணி இருந்தது.

கேட்டைத் திறந்துவிட்டது க்ளூன்பெக்காரர்களின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போட்டி செல்லாது என்று குதித்ததும் அவர்கள்தான். டோமாஸ் ராஃப்டர் என்கிற ஆள், ஆறடி உயரம், அறிவு அதைவிடக் கம்மி, முன்னால் வந்து சொன்னான்: "யாரும் பாக்கல. பாக்காத சாணி செல்லாது. எங்க காசத் திருப்பிக் குடுங்க." அவன் சொன்னதும் இன்னும் நாலு பேர் ஆமா போட்டார்கள். ஒருத்தருக்குத் திருப்பிக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், பாய்லர் போச்சு. தலைமையாசிரியை முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் பிள்ளைகளின் கையுறையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. மைக்கில் சொன்னேன்:

"டோமாஸ், கடவுள் உலகத்தப் படைச்சப்ப எவனாவது நின்னு பாத்தானா? அதுக்காக உலகம் செல்லாதுன்னுடுவியா?"

எல்லாரும் ஃபாதரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் வானத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை, அதுதான் முக்கியம். டோமாஸ் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். சாணி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன், கட்டம் நாத்தனார் நோரீனுடையது என்று அறிவித்தேன்.

அப்போது டீலியா போட்ட கூச்சலைக் கேட்க வேண்டுமே. "இவளுக்கா? என் மாடு பட்டினி கிடந்து செத்தாலும் இவ கட்டத்துல போடாது. இது என் மாட்டோடதே இல்ல." அம்மா, நீங்கள் சொல்வது பொறாமை, சாணி சொல்வது சத்தியம் என்று சமாதானப்படுத்தினேன். நாத்தனாரோ பரிசு உறையைக் கையில் வைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்கிறார். அந்த அம்மாள் பரிசு என்று எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. இதற்குள் மைதானத்தை ஒட்டியிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் போயிருந்த தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "மிஸ்டர் நூன், சின்ன வகுப்புல புதுசா ஒரு மாணவி சேர்ந்திருக்கு. கொஞ்சம் பெரிய பிள்ளை" என்றார்.

ஓடினோம். மாடு பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று, பிள்ளைகள் செய்து தொங்கவிட்டிருந்த காகிதப் பூக்களைத் தின்றுகொண்டிருந்தது. தாழ்வாரம் குறுகல், திருப்ப இடமில்லை. பின்னோக்கித்தான் கொண்டுவர வேண்டும். நான் முன்னால் நின்று தள்ளினேன், ராஃப்டர் வாலைப் பிடித்து இழுத்தான், கில்டாராவும் க்ளூன்பெக்கும் ஒன்றுசேர்ந்து வேலை செய்தது அன்றைக்குத்தான். மாடு அசையவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த அறை ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, மாட்டின் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றன. போ என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் டீலியா தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று குரல் கொடுத்தார். "நோரீன், வாடி வெளியே. எத்தன நாளைக்கிடி இப்படியே பிடிவாதம் பிடிச்சு நிப்ப?"

மாடு காதை ஆட்டியது. ஆனால் பதில் எங்கள் பின்னாலிருந்து வந்தது. நாத்தனார் நோரீன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "நான் எங்கடி பிடிவாதம் பிடிச்சேன்? நீதான் கதவையே திறக்கல" என்றார்.

டீலியா, "மாட்டச் சொன்னேன்" என்றார்.

"தெரியும். தெனம் காலையில கேக்கறேனே."

"சாண்ட்விச் காஞ்சுதான் போயிருந்துச்சு" என்றார் டீலியா. "ராத்திரியே செஞ்சு வச்சேன். தூக்கம் வரல."

நாங்கள் மாட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாட்டையே பார்த்தோம். நாத்தனார் கையிலிருந்த உறையைப் பிரித்து, திரும்பவும் மடித்து, "எனக்கு ரெண்டு பேர் ரூம் எதுக்கு? மாட்ட யார் பாத்துக்குவா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்று ராஃப்டர் சொன்னான். நானே எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கொம்படியில் கைவைத்துச் சொரிந்துகொண்டே நடக்க, அந்த மாடு ஒரு அடி ஒரு அடியாகப் பின்னால் நகர்ந்து, ஒரு பெஞ்சைக்கூடச் சாய்க்காமல் வெளியே வந்தது.

இதில் எங்கே ஐயா குழப்பம்? பாய்லருக்குப் பணம் கட்டியாகிவிட்டது, வியாழக்கிழமை வந்து பொருத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை டீலியாவும் நோரீனும் கால்வே நகரம் போகிற பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து கடலோரத்துக்குப் போனார்கள், ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டேதான் போனார்கள். இத்தனைக்கும் காரணம் சரியான நேரத்தில் ஒருவன் உறுதியாகச் சொன்ன தீர்ப்பு. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காவிட்டாலும் உண்மையை மோப்பம் பிடிக்கிற புத்தி சிலருக்குப் பிறப்பிலேயே வரும், எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. ஆகவே வருகிற இதழில் இதே பக்கத்தில், இதைவிடப் பெரிய எழுத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் நிருபருக்கும்கூட, புனித பிரிஜித் அம்மாளின் ஆசியும், கூரை ஒழுகாத வீடும், ஆறாத தேநீரும் கிடைக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
பார்ட்லி நூன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை நூலாவுக்கு வாசித்துக் காட்டினேன். தீர்ப்பு வரைக்கும் கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எல்லாரும் முதுகைக் காட்டி நின்றபோது இவள் மட்டும் தேநீர்க் கூடாரத்துக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள். திரும்பி நிற்கச் சொன்னது மைதானத்தில் இருப்பவர்களைத்தானே, என்னை இல்லையே என்கிறாள். மாடு வரும் வழியிலேயே டிரெய்லரில் எல்லா வேலையையும் முடித்துவிட்டதாம். டீலியா ஒரு வாளியும் மண்வாரியுமாகக் கேட்டைத் திறந்து டிரெய்லருக்குப் போய், திரும்பி வந்து, நாத்தனார் கட்டத்தில் குனிந்து, நிதானமாக, வட்டமாக வைத்தாராம். பின்னால் மாடு நடந்து போனதை அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது நூலாவைப் பார்த்துவிட்டு, கூடாரத்துக்குள் வந்து வாளியைக் கழுவ வெந்நீர் கேட்டாராம். "ஏம்மா இப்படி" என்று இவள் கேட்டதற்கு, டீலியா சொன்னது இது: "என் கையால குடுத்தா அவ வாங்க மாட்டா. மாடு குடுத்தா வாங்குவா."