கேசியா ஏறப்போகும் வண்டியின் ரேடியேட்டர் குறித்து

சித்தூர்,
வியாழக்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பான ஜெபசிங் அண்ணனுக்கும் பிரமிளா அண்ணிக்கும், தங்கை கிருபாவதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. காட்பாடியில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எனக்குச் சர்க்கரை அளவாக இருக்கிறது, உங்கள் மச்சானுக்குப் பிரஷர் அளவாக இருக்கிறது. அளவு மீறிக் கொதிப்பது வண்டி மட்டும்தான். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்காதீர்கள். போன் எந்நேரமும் அவர் கையில் இருக்கிறது, அதில் எந்நேரமும் யாரோ ஒருவர் ரேடியேட்டரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பால் பண்ணை ஆபீஸில் ரிட்டையர் ஆன கையோடு உங்கள் மச்சான் பெங்களூருக்குப் போய்ப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். சிவப்பு நிறம், இரண்டே சீட். உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். சரி, ஆசைப்பட்டுவிட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நம் கேசியாவின் கல்யாணம் பலமனேர் சர்ச்சில் என்று முடிவான அன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இந்த மனுஷர் எழுந்து நின்று, "எம் பொண்ண எங் கார்ல நானே கூட்டிக்கினு வருவேன்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கல்யாணம் மே மாதத்தில் என்பதும், சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவே மொகிலி மலை ஏற்றம் இருக்கிறது என்பதும் என் ஒருத்திக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மணப்பெண் இடத்தில் என்னை உட்கார வைத்துக் கிளம்பினார். ஏற்றம் தொடங்கியதுமே சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. "ஏங்க, முள்ளு ஏறிக்கினே கீதுங்க" என்றேன். "ஏத்தத்துல முள்ளும் ஏறும், நீ ரோட்டப் பாரு" என்றார். பிறகு ஏதோ வீடியோவில் சொன்னார்கள் என்று ஹீட்டரைப் போட்டார். ஹீட்டர் போட்டால் என்ஜின் சூடெல்லாம் உள்ளே வந்துவிடுமாம். வந்தது அண்ணா, அத்தனையும் என் மேலேயே வந்தது. சித்தூர் வெயிலில் ஹீட்டர் போட்ட காரில் நான் வெந்துகொண்டிருக்கும்போதே, முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பிவிட்டது. ஓரங்கட்டி இறங்கி, என் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். "தொடாதீங்க, மூஞ்சி வெந்துபூடும்!" என்று கத்திக்கொண்டே அவர் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வழியே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் அதைச் சரியாக வீடியோ எடுத்துவிட்டார்கள். நான் அவமானத்துக்கு அழவில்லை. வெள்ளைப் பட்டுச் சேலையும் பூங்கொத்துமாகக் கேசியா அதே இடத்தில் நிற்பது கண்ணில் தெரிந்தது, அதனால் அழுதேன்.

திருப்பதியில் ரமணா என்று ஒரு மெக்கானிக். அவர் பார்த்துவிட்டு, பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, குழாய்களும் அடைத்திருக்கின்றன என்றார். கம்பெனிப் பாகம் கல்யாணத்துக்குள் வந்து சேராதாம், வெளியே செய்ததைத்தான் வாங்க வேண்டுமாம். அன்று உங்கள் மச்சானைப் பிடித்தது சனி. செம்பில் செய்தது கனம் என்றார், அலுமினியம்தான் என்றார், அலுமினியத்திலும் இரண்டு வரிசைக் குழாயா மூன்று வரிசைக் குழாயா என்று தோசையைப் பிட்டு வைத்துக்கொண்டு யோசித்தார். குடும்ப ஜெபத்தில் நோயாளிகளையும் பிரயாணிகளையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, அதே குரலில், "ரெண்டு வரிசையா மூணு வரிசையா என்று உமது அடியானுக்கு வெளிப்படுத்தும்" என்றார். நானும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டேன்.

பதில் வரும்வரை காத்திருந்தாரா? இல்லை. வரிசை கூடினால் குளிர்ச்சி கூடும் என்று அவரே தீர்மானித்து மூன்று வரிசை ஒன்றை வரவழைத்துவிட்டார். தலையணை மாதிரி தடிமனாக வந்து இறங்கியது. ரமணா அதை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது ரொம்ப லாவா, தடியா கீது. ஃபேன் இடிக்குது கதா?" என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"அப்போ ஃபேன எட்த்துடு" என்றார் இவர்.

"ஓடும்போது காத்து வரும் சார். சர்ச் வாசல்ல நின்னுக்கினு இருக்கும்போது யாரு விசிறுவாங்க, மேடமா?"

உங்கள் மச்சான் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார் அண்ணா. அந்தப் பார்வையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கடைசியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அகலக் குழாய் வைத்த இரண்டு வரிசை அலுமினியம் வாங்கி மாட்டினோம். காற்று சிதறாமல் இழுக்க ஃபேனைச் சுற்றி ஒரு கூடும் போட்டார்கள். மறுபடியும் மொகிலி ஏறினோம். முள் நடுவில் நின்றது நின்றபடி நின்றது. அவர் பாடிக்கொண்டே ஓட்டினார். நான் கண் இமைக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு போனதில் பலமனேர் வந்ததே தெரியவில்லை. ஆனால் இறங்கும்போதுதான் கவனித்தேன், ஏசியே போடவில்லை! கேட்டால், "ஏசி இன்னாத்துக்கு, கண்ணாடிய எறக்கிக்கினா போச்சு" என்கிறார். மணப்பெண்ணின் தலை அலங்காரம் என்ன ஆகும்? ஏசி போட்டால் அந்த முள் என்ன ஆகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தாய்மாமன் என்ற உரிமையில் முன்னதாகவே வந்து, பெண்ணைத் தாய்மாமன் காரில் அழைத்துப் போவதுதான் நம் குடும்ப முறை என்று சொல்லிவிடுங்கள். அப்படி ஒரு முறை இல்லைதான், நீங்கள் சொன்னால் உண்டாகிவிடும். உங்கள் பெரிய வெள்ளைக் காரைக் கழுவிக் கொண்டுவாருங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணியின் முழங்கால் வலிக்காக ஜெபிக்கிறேன். வரும் வழியெல்லாம் தேவன் உங்களோடு இருக்கட்டும்.

கவலையில் உள்ள தங்கை,
கிருபாவதி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் திருப்பதியிலிருந்து கேசியா லீவில் வந்துவிட்டாள். நான் வாய் திறக்கவே இல்லை. அவளாகவே அப்பாவிடம், "நைனா, அதுல ஏறி எறங்கினா சேல கசங்கிடும். நான் மாமா கார்லயே போறேனே" என்றாள். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இவர், "சரிம்மா, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார். ரொம்ப நேரம் காணோமே என்று எட்டிப் பார்த்தால், காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். நேரே உள்ளே வந்து கேசியாவிடம், "சேல கசங்கினா நான் இஸ்திரிப் பெட்டி எட்த்துக்கினு வந்து சர்ச்சுலயே தேச்சுக் குடுக்குறேன். உங்கப்பா கார்லதான் நீ போற. இல்லன்னா கல்யாணத்துக்கு நான் வர்ல" என்று சொல்லிவிட்டேன். அவளும் ஒப்புக்கொண்டாள். ஆகையால் மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உங்கள் காரை மட்டும் கட்டாயம் கொண்டுவாருங்கள். நானும் அண்ணியும் நிறையத் தண்ணீர் கேன்களும் அதில் ஏறி, சிவப்பு வண்டியின் பின்னாலேயே மலை ஏறுவோம். கேன்கள் அவர் கண்ணில் படாமல் மேலே பூத்தட்டுகளை வைத்து மறைத்துவிடலாம்.