தென்துருவத்து மண்ணும் எங்கட துறைமுகமும்

ஆங்கிலம் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் மேடையில் ஏற்றக்கூடாது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் துறைமுகப் பட்டினத்து லிங்கநகரில் ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (மூன்று மாணவர்கள்; மழை பெய்தால் ஒருவர்.)

உப்புவெளி விடுதியொன்றில் தங்கியிருந்த வயதான அமெரிக்கர், இளவயதில் அந்தாட்டிக்கா ஆய்வு நிலையமொன்றின் அணு உலையில் வேலை செய்தவர். துறைமுகத்தை அடுத்த மண்டபத்தில் அவர் பேச, நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

மெதுவாகப் பேசினார். மாதக்கணக்கில் விடியாத இருட்டு. பனிக்கு நடுவே உலை மட்டும் ஓயாமல் முனகுமாம், நித்திரையிலும் கேட்குமாம். பிறகு அதில் வெடிப்பு விழுந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்ததால், நிறுத்திக் கழற்றிவிட்டார்கள். கதிர்வீச்சுப் பட்ட மண்ணைக்கூடச் சுரண்டிக் கப்பலில் ஏற்றினார்கள். மண்டபத்து மின்விசிறியும் முனகுவதுபோல எனக்குக் கேட்கத் தொடங்கியது.

"அந்த மண்ணை எங்கட துறைமுகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினோம்" என்றேன். அவர் 'எங்கள் துறைமுகம்' என்றது தன் நாட்டுத் துறைமுகத்தை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த பெருமையில் நான் நிமிர்ந்து நின்றேன்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக யன்னல் பக்கம் திரும்பின. மங்கும் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத பழைய கப்பலொன்று வெளியே நின்றது.

கிண்ணியா மீன் வியாபாரி ரஹீம் நானா எழுந்தார். "தம்பி, வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ. எங்கட துறைமுகமோ?"

"நீங்கள் சொன்ன துறைமுகம்தானே?" என்று அமெரிக்கரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் புன்னகையுடன் தலையாட்டினார்.

"ஓம் நானா, எங்கடதான்."

மறுநாள் சந்தையில் மீன் குவிந்து கிடந்தது; வாங்க ஆளில்லை. ரஹீம் நானா என் வீட்டு வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த வெள்ளைக்காரரை விடுதியில போய்க் கேட்டுட்டன். அது அவங்கட ஊர்த் துறைமுகமாம். வாங்கோ, சந்தையில வந்து சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"அப்ப தின்னுங்கோ" என்று பொரித்த பாரை மீனை நீட்டினார் நானா. சுற்றி நின்ற கூட்டம் கண் வெட்டாமல் பார்த்தது. ஒருவர் நாக்கை நீட்டச் சொன்னார். என் வயிற்றுக்குள் ஏதோ முனகியது. மூன்றாவது மீன் முடிந்தபோதுதான் ஒரு பெண் விலை கேட்டார். நானா பெருமூச்சு விட்டார்.

அன்று பின்னேரம் அம்மா யன்னல்களைச் சாத்தி, லைட்டையும் அணைத்தார். இருட்டில் எல்லாரும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கையின் குரல் வந்தது: "அம்மா, அண்ணா இன்னும் மினுங்கேல்ல."

இப்போதும் மின்சாரம் போனால் எங்கள் வீட்டில் மெழுகுதிரி தேட ஒருவரும் எழும்புவதில்லை. "அப்பா, கொஞ்சம் இங்கால வாங்கோ" என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்.