அப்பாவின் காது கேட்காத நான்கு நிமிடங்கள்

மாத்தளை,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கச்சி அனுஷியாவுக்கு அண்ணன் இந்திரகுமார் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். கலேவெலயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முத்துமாரியம்மன் துணை நிற்பாளாக.

நம் அப்பாவைப் பற்றி நான் எழுதிய நாவலை ஹம்சிகா என்ற பிள்ளை படமாக எடுத்தது உனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் டவுனில் ஒரு மண்டபத்தில் முதன்முதலாகப் போட்டார்கள். நான் சந்தோசமாகப் போகவில்லை, தங்கச்சி. நானூற்றுப் பத்துப் பக்கத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும் என்று, வெட்டிய இடங்களைக் குறிக்க ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மழைக்கு நான் எழுதிய ஆறு பக்கமும் கூரைத் தகரத்தில் விழுகிற வெறும் சத்தமாகிப் போயிருந்தது. அதைக் கேட்டே உன் அண்ணி குளிருக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த ஆறு பக்கத்தை நான் வாசித்துக் காட்டியபோது தூங்கிப்போனவள் அவள்.

அப்புறம் தேயிலை பெக்டரி வந்தது. மெசின் இரைச்சலில் உட்கார்ந்திருந்த கதிரையே அதிர்ந்தது. அதன் நடுவே அப்பாவாக நடித்தவர் நிற்கிறார். திடீரென்று சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது. ஆட்கள் வாயை அசைக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாளே ஸ்பீக்கர் போய்விட்டதென்று பதறி, இருட்டில் இரண்டு பேருடைய காலை மிதித்துக்கொண்டு, பின்னால் படம் ஓட்டுகிற றினோஸிடம் ஓடினேன்.

"தம்பி, சத்தம் நின்னு போச்சு. ஒயரைப் பாருங்க."

"ஒயரெல்லாம் சரி சேர். நாலு நிமிசம் இப்படித்தான் இருக்கும்னு ஹம்சிகா மிஸ் சொல்லித்தான் தந்தாங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்."

திரும்பினேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஆட்கள் சிரிக்கிறார்கள். அப்பா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசி ஆளாகச் சிரிக்கிறார். பின்னால் ஒரு பையன் கூப்பிடுகிறான், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அவர் திரும்பாமல் நடக்கிறார். அந்தப் பையன் நான்தான். வேண்டுமென்றே திரும்பவில்லை என்று ரோசப்பட்டு அவரோடு நான் பேசாமல் இருந்த வருசங்கள் உனக்குத் தெரியும். அவருக்குக் காது கேட்காதென்று நீ எத்தனையோ தரம் சொல்லியும் நான் நம்பவில்லை. பிறகு அவர் செவிட்டைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அந்தக் காதோடு அவர் எப்படி இருந்தார் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

றினோஸ் தன் கதிரையைத் தந்தான். படம் முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

வெளியே ஹம்சிகா பயந்து பயந்து வந்தாள். "சேர், கொப்பியில என்னமோ எழுதுனீங்களாமே. பிழை இருந்தா சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல மகள். என் அடுத்த நாவலையும் நீங்களே எடுங்க."

"அடுத்தது ஒண்ணு இவர் இன்னும் எழுதவே இல்ல" என்றாள் உன் அண்ணி.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் போடுகிறார்கள். என்ன வேலை இருந்தாலும் காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
இந்திரகுமார்.

பி.கு.: சொல்ல மறந்துவிட்டேன். படத்தில் நீ இல்லை. யாராவது கூப்பிட்டால் அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டுவாயே, அந்த வேலையை ஒரு பூனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று ஹம்சிகாவிடம் கேட்டேன். "கதையில தங்கச்சி ரொம்பப் பேசுறாங்க சேர்" என்றாள். பூனை நன்றாகவே செய்திருக்கிறது. கோபப்படாமல் வா.