மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மோரிஸ்

மேனாம்பேடு,
விபவ வருஷம், ஐப்பசி, புதன்கிழமை.

சிரஞ்சீவி தம்பி மனோகரனுக்கு,

திருமால் அருளால் சகல நலமும் உண்டாகுக. உன் பெரியப்பா மகன் பரந்தாமன் எழுதுவது. அம்மை இறங்கி உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதை அறிந்து மகிழ்ந்தோம். உன்னால் வர இயலாவிட்டாலும், நீ அனுப்பிய பழைய கறுப்பு மோரிஸ் கார் வந்து என் மகள் நாகவல்லியின் திருமணத்தை நடத்திக் கொடுத்தது. வண்டிக்கு ஒரு குறையுமில்லை. நாளைக் காலை ஆவடியில் உன் வாசலில் நிற்கும். ஆயினும் ஞாயிறன்று நடந்ததை உன் டிரைவர் வேம்புலி சொல்லி நீ அறிவதினும் நானே சொல்லிவிடுவது தர்மம்.

நாலரைக்கு ராகு காலம் பிறக்குமுன் மாப்பிள்ளை மண்டபப் படி ஏறிவிட வேண்டும் என்பது சம்பந்தி திருவேங்கடத்தின் கட்டளை. மாப்பிள்ளை ஆனந்தன் கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக வண்டியில் அமர்ந்தார், மேளம் தொடங்கிற்று, வேம்புலி சாவியைத் திருப்பினான், பிரளய காலத்து மௌனம் போல் ஒன்றுமே கேட்கவில்லை. "சாமி, வண்டில உயிரே இல்ல. ஹாரன் இல்ல, லைட் இல்ல, சிவப்பு பல்பு கூட எரில. பானட்டத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றான். பானட்டின் குறுக்கே ரோஜா மாலை கட்டியிருந்தது. "கட்டுன மாலைய அவுக்கறதா? இன்னா பேச்சு பேசிகினு கீற?" என்று சம்பந்தியின் தங்கை முத்தம்மாள் மறித்தாள். தள்ளிப் பார்க்கலாம் என்றேன். "தள்ளிகினு போற வண்டிலயா எங்க ஊட்டுப் புள்ள வரணும்? அண்ணே, கரையான்சாவடிக்கே திரும்பிடலாம்" என்றாள். சம்பந்தி பஞ்சாங்கத்தை மூடி, "சகுனமே சரியில்ல. ராகு காலம் பொறந்தா நான் படி ஏற மாட்டேன்" என்றார். மண்டபத்திலோ நாகவல்லி அலங்கரித்துக்கொண்டு காத்திருக்கிறாள். யானை அழைத்த குரலுக்கு ஓடி வந்தவனின் நாமங்களை நான் உரக்கச் சொல்லத் தொடங்கினேன்.

அப்போது மாப்பிள்ளை இறங்கினார். அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பழுது பார்ப்பவர் அல்லவா. "என் கல்யாணம், நானே அவுக்கறேன். அத்தே, கொஞ்சம் தள்ளு" என்று மாலையை அவிழ்த்துப் பானட்டைத் தூக்கினார். உள்ளே பாட்டரியின் இரு முனைகளும் சந்தனக் காப்பில், நெற்றியில் குங்குமத்தோடு, கருவறை மூர்த்திகளாய் வீற்றிருந்தன. வேம்புலி சாப்பிடப் போயிருந்த வேளையில் நான் செய்த சாத்துப்படி அது. கவசத்தின் மேல் சந்தனம் சாத்துவது முறையன்று, திருமேனியில் படவேண்டும் என்பதால், முனைகளின் மேல் தளர்ந்திருந்த வயர்க் கவ்விகளைக் கழற்றி உள்ளும் புறமும் தாராளமாகச் சாத்தி மீண்டும் அணிவித்திருந்தேன். மாப்பிள்ளை என் விரல்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "கரண்டு போற எடம் மாமா. சந்தனம் போட்டா போவாது" என்றார். பின் தம் முதுகால் மறைத்தபடி பட்டு அங்கவஸ்திரத்தாலேயே துடைத்து, கவ்விகளை முறுக்கினார். வண்டி கர்ஜித்தது. "இன்னாடா கோளாறு?" என்ற தகப்பனாரிடம், "துரு நைனா" என்று மட்டும் சொன்னார். ராகு காலத்துக்கு முன்பே படி ஏறிவிட்டோம். சம்பந்தியோ என் நாம ஜபத்தால்தான் வண்டி எழுந்தது என்று ஊரெல்லாம் சொல்கிறார். அந்த எண்ணத்தைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை, நீயும் கலைக்காதே.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடியின்றி நீடூழி வாழப் பெருமாளை வேண்டும்,
பரந்தாமன்.

பி.கு.: நாளைக் காலை வண்டி வரும் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. இன்று மறுவீட்டுக்குப் புறப்படும் நேரம். தடை ஏதும் வராதிருக்க இம்முறை தாமே பூஜை செய்வதாகச் சம்பந்தி பானட்டைத் திறந்து, கவ்விகளைக் கழற்றினார். "மொறப்படி திருமேனிலதான படணும் சம்பந்தி?" என்று என்னைத்தான் கேட்டார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். இப்போது மாலை கட்டியாயிற்று, பஞ்சாங்கத்தோடு முன் இருக்கையில் அமர்ந்துவிட்டார். மாப்பிள்ளை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாவியை எவரும் திருப்பவில்லை.