டவர் சார் தேடிய பயணி

காஞ்சிபுரத்தில் கவலைப்படுவதற்கென்று ஒரு பதவி இருந்திருந்தால் அதில் டவர் சாரைத் தவிர வேறு யாரையும் உட்கார வைத்திருக்க முடியாது. மழை பெய்தால் நனைகிறவர்களுக்காகக் கவலைப்படுவார். பெய்யாவிட்டால் குடை விற்பவனுக்காக. நாம் ஒரு நல்ல செய்தி சொன்னால்கூட "அப்புறம்?" என்று கேட்டு நம் முகத்தையும் வாட வைத்துவிடுவார்.

வானத்தில் போகும் விமானங்களுக்குக் கீழேயிருந்து ரேடியோவில் வழி சொல்லும் உத்தியோகம் பார்த்தவர். வயது இருக்கும்போதே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். ஏர்போர்ட் டவரில் உட்கார்ந்திருந்தவர் என்று நினைத்து டவர் என்று பெயர் வைத்தது ஊர். "டவரும் இல்ல, ஒண்ணும் இல்லபா. ஜன்னலே இல்லாத ரூம்பு. அதுல உக்காந்துக்கினு ஸ்கிரீனப் பாத்துக்கினு இருப்போம்" என்று அவர் மறுத்தது யார் காதிலும் ஏறவில்லை.

அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் பட்டுப்புடவைக் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். டவர் சார் அங்கே வாசலில் உட்கார்ந்து, வரும் கல்யாணப் பார்ட்டிகளைப் புடவை விரித்துக் காட்டும் பாய்களில் எதற்கு அனுப்புவது என்று பிரித்துவிடுவார். ஒருநாள் இரண்டு பார்ட்டிகள் ஒரே மாம்பழக் கலர் புடவையைப் பிடித்துக்கொண்டன. ஒருத்தி கையில் முந்தானை, இன்னொருத்தி கையில் மறுமுனை. டவர் சார் பாய்ந்து வந்தார்.

"யாரும் இழுக்காதீங்க! பச்சைப் பாய்க்காரம்மா, கையை எடுங்க. என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க!"

"கையை... எடுக்கணும்" என்று அந்த அம்மாள் மிரண்டுபோய் ஒப்பித்து, கையையும் எடுத்துவிட்டாள். புடவை பிழைத்தது.

எது சொன்னாலும் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் பாவம், தினமும் ஒப்பிப்பார். "ஒரு டீ, சக்கர கம்மி, ஆத்தித் தரணும். போதுமா சார்? இல்ல, எழுதிக் கையெழுத்து போட்டுத் தரட்டா?"

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், காரணம் தெரியும் வரை. ஒரு போகி அன்று சாயங்காலம், வடக்கிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்துக்கு அவர் ஒரு உயரத்தைச் சொல்லி அதிலேயே பறக்கச் சொல்லியிருக்கிறார். பைலட் வேறு உயரத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இன்னொரு விமானத்தின் மேல் கவனமாக இருந்த இவர் "சரி" என்றுவிட்டார். அந்த உயரத்தில் எதிரே ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டிலும் இருந்த எச்சரிக்கைக் கருவிகள் கத்த, ஒன்று ஏறியது, மற்றது சரேலென்று இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விசாரணை முடிந்து மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை.

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆவலியே சார்?" என்றேன்.

"ஆவலன்னு எனக்கு எப்டிபா தெரியும்? ஒருத்தரையாவது கண்ணால பாத்தேனா?"

அதனால்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எப்பவாவது போகி அன்னிக்கு சாயங்காலம் வடக்கேர்ந்து ஃப்ளைட்ல வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆசாமி, "ஆமா சார், என்ன பரிசு?" என்று கையை நீட்டினான்.

மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள் மட்டும் வேறு பதில் சொன்னாள். "வந்தேனே! மறக்க முடியுமா? தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துக்கினு இருந்தேன். ப்ளேன் திடீர்னு தொப்புனு எறங்குச்சு. கையில இருந்த காபி அப்படியே புதுப் பட்டுல. அந்த பைலட்ட இன்னிக்கும் திட்டிக்கினுதான் இருக்கறேன்."

டவர் சார் எழுந்து கைகூப்பினார். "அவர விட்டுடுங்கமா. காபி கொட்டினதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"நீங்க எதுக்கு சார்?" என்று அவள் சிரித்தாள். அவர் மகளைப் பார்த்து, எப்போது பிறந்தாள் என்று கேட்டார். "அதுக்கு அடுத்த வருஷம்" என்றாள் தாய்.

அவர்கள் போனதும், "இனிமே நிம்மதியா இருங்க சார்" என்றேன்.

"இந்தப் பொண்ண நான் நினைக்கவே இல்லியேபா. ப்ளேன்ல இருந்தவங்களதான் நினைச்சிக்கினு இருந்தேன். அப்புறம் பொறந்ததுங்க எத்தினி இருக்கும்?"

அவ்வளவுதான். அன்றோடு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று. மனுஷர் பாதியாக இளைத்தார். அந்த அம்மாள் ஞாபகமாக மகளின் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தபோது, "போயி உண்மையச் சொல்லிடறேன்பா" என்றார். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானும் அரக்கோணத்துக்குக் கூடப் போனேன்.

கல்யாண மண்டபத்தில், "காபிக்கு மன்னிப்பு கேட்ட சார்!" என்று அவள் எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அன்னிக்கு உங்க ப்ளேனுக்கு வழி சொன்னது நான்தான்மா. என் கவனக்கொறைவு. எதிர்ல இன்னொரு ப்ளேன் வந்துடுச்சு. மோதிக்க இருந்துது."

அவள் திரும்பி, மணவறையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து, "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பந்திக்கு இழுத்துப்போய், இலை போட்டு, தானே பரிமாறினாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பிய பஸ்தான் ஞாபகம் வருகிறது. அரக்கோணம் எல்லையைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். காஞ்சிபுரத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "எழுப்புபா, வண்டிய ஷெட்டுல விடணும்" என்றார் கண்டக்டர். என் தோள் மரத்துப்போயிருந்தது. "கொஞ்சம் இருங்கண்ணா, ஷெட்டுக்கே வரோம்" என்று கெஞ்சினேன். எழுப்பினால் மறுபடியும் கவலைப்பட ஆரம்பித்துவிடுவாரே மனுஷர்!